ஞாயிற்றுக்கிழமைக்கு இடமில்லை

திங்கட்கிழமை காலையில் ஷட்டரைத் தூக்கியதும் வந்த முதல் போனே சண்டைக்கு வந்த போன்.

"பலகைக்குக் கீழ இந்த நம்பர்தான் ஒட்டியிருக்குது. நீ யாரும்மா?"

"பாரதி பேசறேம்மா. போர்டு சர்வீஸ் பண்றவ."

"ஒங்க போர்டு என்னைப் பொய்காரி ஆக்கிடுச்சு. இன்னா பண்ணப் போற, சொல்லு."

போர்டு எரியவில்லை என்பார்கள், கலர் மங்கிவிட்டது என்பார்கள், பல்லி பூந்துவிட்டது என்றுகூட ஒருவர் சொல்லியிருக்கிறார். இப்படி ஒரு புகார் எனக்கு வந்ததே இல்லை. உட்கார்ந்து கேட்டேன்.

பேசியவர் ராஜமதி. அவலூர்பேட்டையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரம். தமிழ்ச் சமணர்களான நயினார் வீட்டு அம்மா. அவலூர்பேட்டை ரோட்டில் இருக்கும் ஜினாலயத்து ஹாலில் போன மாசிதான் கிழமை, தேதி, மணி காட்டும் எங்கள் கம்பெனி விளக்குப் பலகையை நான் மாட்டிக் கொடுத்திருந்தேன். இப்போது அங்கே தசலட்சண விரதம் நடக்கிறது. பத்து நாளைக்குப் பத்து தருமம், நாளுக்கு ஒன்று. ராஜமதியம்மா பத்து நாளும் ஒருவேளைச் சாப்பாட்டோடு இருக்கிறார். பொழுது சாய்ந்துவிட்டால் பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது.

"நேத்து சாயங்காலம் மழை. கதவு ஜன்னலெல்லாம் சாத்தி லைட்டு போட்டு வச்சிருந்தாங்க. எல்லாரும் உள்ள பூஜையில இருந்தாங்க. நான் ஹால்ல ஒக்காந்து கண்ண மூடி ஜெபம் பண்ணிக்கினு இருந்தேன். போனெல்லாம் வாசல்ல கூடையில போட்டுட்டுத்தான் வரணும். முடிச்சுட்டு நிமிந்து பாத்தேன். பலகையில மாலை நாலு அம்பத்தொம்பது. பொழுது சாய இன்னும் நேரம் கெடக்குதேன்னு சொம்புல இருந்த தண்ணிய எடுத்துக் குடிச்சேன். பாதி குடிக்கல, காரியதரிசி கோமதேஷ் பொண்டாட்டி ஜினப்பிரியா வந்து அலறுறா. அக்கா, மணி ஏழாவப் போவுதே, இன்னா பண்றீங்கன்னு."

"அப்ப பலகையில என்ன இருந்துச்சும்மா?"

"அவ கத்திக் கூட்டம் சேக்கறதுக்குள்ள ஏழு ஒண்ணுன்னு ஓடிக்கினு இருக்குது! எல்லாரும் பலகையைப் பாக்கறாங்க, என்னைப் பாக்கறாங்க. தாகம் தாங்கல, குடிச்சுட்டா, இப்ப பலகை மேல பழி போடறான்னு மூஞ்சிலயே எழுதி ஒட்டியிருக்குது. தண்ணி குடிச்சது தப்பு. அதுக்கு நானே கூட ஒரு நாள் பட்டினி கெடந்துக்குவேன். பொய் சொன்னேன்னு சொல்றாங்களே, அதுக்கு எவ்ளோ நாள் பட்டினி கெடக்கறது? கடைசி நாள் விரதம் இருந்தவங்கள முன்னால ஒக்கார வச்சு அபிஷேகம் பண்ணுவாங்க. கோமதேஷ் நாசூக்கா சொல்றான், அக்கா நீங்க இந்த வருஷம் பின்னால ஒக்காந்துக்குங்களேன்னு. நேத்து இன்னா தருமம் தெரியுமா? சத்தியம்! சத்தியத்துக்கான நாள்ல என்னைப் பொய்காரின்னுட்டாங்க."

அவர் குரல் உடையவில்லை. கொதித்தது. எனக்கும் கொதித்தது. என் நைனா பச்சைமுத்து காலமெல்லாம் அடுத்தவர் நிலத்தில் வேலை செய்தவர். யார் மாடு யார் பயிரில் இறங்கியது என்று பஞ்சாயத்து நடக்கும்போது, கண்ணால் பார்த்ததை அவர் சொன்னால்கூட, "நீ சொல்றத எப்பிடிடா நம்புறது" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார்கள். அந்த வார்த்தையைக் கேட்டு வளர்ந்தவள் நான். சாயங்காலம் வருகிறேன் என்று ராஜமதியம்மாவிடம் சொல்லிவிட்டு, சென்னைக்குப் போன் போட்டேன்.

எங்கள் கம்பெனிக்குச் சென்னையில்தான் தலைமை அலுவலகம். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், மெடிக்கல் ஷாப்புக்கு மேலே இருக்கும் இந்த ஒற்றை அறை கிளை. 'நாள், கிழமை, நேரம் அனைத்தும் அழகு தமிழில்' என்று நோட்டீஸ் அடித்து விற்கிறோம். ஏணி வைத்து மாட்டுவது நான். பழுது பார்ப்பது நான். பலகைக்குள் ஓடும் சி புரோகிராமை எழுதியவர் பிரசாந்த். அவர் லீட். ஏணி ஏற மாட்டார்.

"சார், நேத்து ரெண்டு மணி நேரம் போர்டு ஃப்ரீஸ் ஆகியிருக்கு. நாலு அம்பத்தொம்பதுலயே நின்னிருக்கு. அப்புறம் தானா ஓடியிருக்கு."

"அஞ்சுல இருந்து ஏழு வரைக்கும் கஸ்டமர் ஏதாவது ஸ்பெஷல் டெக்ஸ்ட் போட்டிருப்பாங்க பாருங்க."

கேட்ட உடனே சொல்லிவிட்டார். யோசிக்கக்கூட இல்லை. அப்படியானால் இவருக்கு இது முன்னாலேயே தெரியும்.

"தெரிஞ்சுமா சார் விட்டீங்க? விரதத்துல இருக்கற ஒரு அம்மாவை அங்க பொய்காரின்னுட்டாங்க."

"பாரதி, டென்ஷன் ஆவாதீங்க. இங்கிலீஷ்ல பர்ஃபெக்டா ஓடுது. தமிழ் நீளமான லாங்குவேஜ், நாம என்ன பண்றது? யூசர் எரர்னு சொல்லுங்க. டெக்ஸ்ட் நீளமா போட்டாங்க, அவங்க தப்பு. பேசாம இங்கிலீஷுக்கு மாத்திட்டு வந்துடுங்க."

தமிழ் நீளமாம். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம்! தமிழில் விற்றுக் காசு வாங்கும்போது நீளம் தெரியவில்லை. இடம் ஒதுக்கும்போதுதான் நீளமாகிவிட்டது.

புரோகிராமைத் திறந்தேன். வேலை சின்னது. சி மொழியில் wcsftime என்று ஒரு வசதி இருக்கிறது. அதனிடம் இப்போதைய நேரத்தைக் கொடுத்து, முதலில் கிழமை, அடுத்து மாதம், தேதி, கடைசியில் மணி என்று ஒரு மாதிரி வரியையும் கொடுத்தால், அந்த மாதிரியிலேயே எழுதித் தரும். தமிழ் போன்ற எழுத்துகளும் உட்கார வேண்டும் என்பதால் அகலமான கட்டங்களில் எழுதும். மொத்தம் எத்தனை கட்டம் என்பதை நாம்தான் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். எழுதியது அடங்கிவிட்டால் எத்தனை கட்டம் நிரம்பியது என்று சொல்லும். அடங்காவிட்டால் பூஜ்யம் என்று சொல்லும். பூஜ்யம் வந்தால் கட்டங்களில் கிடப்பதை நம்பாதே என்பது அதற்குரிய விதி. முடிந்தது முடியாதது இரண்டையும் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிற வசதி அது. மனிதர்களில் அப்படி எத்தனை பேரைப் பார்க்க முடியும்?

பிரசாந்த் ஆங்கிலத்தை எழுதிப் பார்த்துக் கட்டங்களை ஒதுக்கியிருந்தார். ஆங்கிலத்தில் எழுத்துக்கு ஒரு கட்டம். தமிழில் புள்ளிக்குத் தனிக் கட்டம், துணைக்காலுக்குத் தனிக் கட்டம், கொம்புக்குத் தனிக் கட்டம். கண்ணுக்கு ஒரே எழுத்தாகத் தெரிவது உள்ளே இரண்டு இடம் பிடிக்கும். இதை மே மாதமே மெயிலில் எழுதி, இடத்தை இரண்டு மடங்காக்குங்கள் என்று கேட்டிருந்தேன். இதுவரைக்கும் ஒரு கம்ப்ளெயின்ட்கூட வரலையே என்று பதில் போட்டார், பக்கத்தில் ஒரு சிரிப்பு பொம்மையோடு.

இடம் போதாதது பெரிய தப்பு இல்லை. யாருக்கும் வரும். அதற்கு அடுத்த வரியைப் படித்ததும்தான் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. பூஜ்யம் வந்தால் என்ன செய்ய வேண்டும்? ஒன்றும் செய்யாதே, பழைய வரியே பலகையில் நிற்கட்டும் என்று எழுதியிருந்தார். பலகை காலியாக இருந்தால் கஸ்டமர் போன் பண்ணுவார். பழைய நேரம் நின்றால் யாரும் போன் பண்ண மாட்டார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன ஒரு வசதியின் வாயைப் பொத்திவிட்டு, பழைய பொய்யைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறது எங்கள் பலகை. பொய்காரப் பட்டம் மட்டும் ராஜமதியம்மாவுக்கு.

மத்தியானமே அவலூர்பேட்டை பஸ் பிடித்தேன். வழியில் பிரசாந்த் மெசேஜ்: 'யூசர் எரர். அத மட்டும் சொல்லுங்க. ப்ளீஸ்.' அந்த ப்ளீஸைப் பார்க்கத்தான் இன்னும் கோபம் வந்தது.

நான் போனபோது சாயங்காலப் பூஜைக்குப் பெண்கள் ஹாலில் உட்கார்ந்து பூ தொடுத்துக்கொண்டிருந்தார்கள். ராஜமதியம்மாவை யாரும் காட்டாமலே தெரிந்துவிட்டது. சுவரோரம் தனியாக, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டுத்தான் மற்றவர்கள் இருந்தார்கள். கோமதேஷ் என்னைக் கண்டதும் எழுந்து வந்தார். நாற்பது வயதிருக்கும், நல்ல மனுஷர், யாரையும் நோகடிக்கப் பிடிக்காதவர். அப்படிப்பட்டவர்களால்தான் அதிகம் நோகும் என்பது வேறு விஷயம்.

"வாம்மா. போர்டு நல்லாத்தான் ஓடுது. அக்காவுக்கு ஏதோ மனக்கஷ்டம், அதான் ஒனக்கு போன் பண்ணிட்டாங்க."

"நேத்து சாயங்காலத்துக்கு ஸ்பெஷல் டெக்ஸ்ட் போட்டீங்களாண்ணே?"

"ஆமாம்மா. தினம் போடறேன். அஞ்சு மணியில இருந்து ஏழு மணி வரைக்கும் அன்னன்னிக்கு தருமத்தோட பேரு தேதிக்கு முன்னால வரும். நேத்து 'உத்தம சத்திய தர்மம்' போட்டேன்."

"அதான் காரணம். இருங்க, எல்லாருக்கும் காட்டறேன்."

சத்தமாகவே சொன்னேன். பூ தொடுத்த கைகள் நின்றன. பலகை வேலைக்காக என் போனும் கோமதேஷ் போனும் மட்டும் வாசல் கூடைக்குப் போகவில்லை. அவர் போனை வாங்கி, 'உத்தம சத்திய தர்மம்' என்று தட்டி, பலகைக்கு அனுப்பினேன்.

பலகையில் சத்தியம் வந்தது. பக்கத்திலேயே திங்கட்கிழமை வந்தது, செப்டம்பர் வந்தது, நேரம் வந்தது. ஒரு நிமிஷம் ஆனது. நேரம் மாறியது. இன்னொரு நிமிஷம். மறுபடி மாறியது. கடிகாரக் கடைக்காரன் சாவி கொடுத்து வைத்த மாதிரி ஜம்மென்று ஓடியது.

யாரோ ஒரு பெண் மூக்கால் சிரித்தார். "நல்லாத்தானே ஓடுது," என்றார் கோமதேஷ், என்னைக் காப்பாற்றுகிற குரலில். ஜினப்பிரியா என்னைப் பார்க்காமல் பூவைப் பார்த்தார். ராஜமதியம்மா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் போனில் கொதித்தவரின் முகத்தில் இப்போது ஒன்றுமே இல்லை. எனக்கு அழுகை வந்தது. நான் ஒருத்தி நம்பி வந்து, இருக்கிற கொஞ்ச நம்பிக்கையையும் குழிதோண்டிப் புதைத்துவிட்டேனே!

அந்த நேரம் பார்த்து பிரசாந்த் கூப்பிட்டார். "சொல்லிட்டீங்களா?" என்றார்.

"இல்ல சார். அதே டெக்ஸ்ட் போட்டேன், நிக்கல."

"அப்புறம் என்ன? ஆல் ஓகேன்னு சொல்லிட்டுக் கிளம்புங்க. அந்தம்மா தூங்கியிருப்பாங்க. வயசானவங்க, பட்டினி வேற."

ஒருவரை ஒரு தடவைகூடப் பார்க்காமல், அவர் பட்டினியையும் அவர் வயதையும் எடுத்து அவர் மேலேயே வீசுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! போனை வைத்தேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்பது சரிதான். வந்த வேகத்தில் ஒரு காரியத்தை மறந்திருந்தேன். நேற்றுக்கு முன்னால் நாலு நாளும் கோமதேஷ் தினமும் ஒரு தருமத்தின் பெயரைப் போட்டிருக்கிறார். அப்போதெல்லாம் பலகை நிற்கவில்லை. நேற்று மட்டும் நின்றது. நேற்று என்ன கிழமை?

ஞாயிற்றுக்கிழமை. விரதம் தொடங்கிய பிறகு வந்த கிழமைகளில் இதுதான் நீளமான பெயர். திங்கட்கிழமைக்குப் போதிய இடம் ஞாயிற்றுக்கிழமைக்குப் போதாது.

"அண்ணே, போர்டோட தேதிய நேத்துக்கு மாத்தறேன். நேரத்தையும் சாயங்காலம் அஞ்சுக்குக் கொஞ்சம் முன்னால வைக்கறேன். உங்க டெக்ஸ்ட் அஞ்சு மணிக்குத் தானா வரட்டும். நேத்து எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே. நீங்க எல்லாரும் போர்டைப் பாருங்க. அண்ணே, நீங்க கைக்கடிகாரத்தைப் பாருங்க."

மாற்றினேன். ஞாயிற்றுக்கிழமை, செப்டம்பர், மாலை நாலு ஐம்பத்தெட்டு. நாலு ஐம்பத்தொன்பது. பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து பலகைக்குப் பக்கத்தில் வந்தார்கள். ராஜமதியம்மா மட்டும் எழுந்திருக்கவில்லை.

"ஒரு நிமிஷம் ஆயிடுச்சு," என்றார் கோமதேஷ்.

நாலு ஐம்பத்தொன்பது.

"ரெண்டு நிமிஷம்."

நாலு ஐம்பத்தொன்பது. சத்தியமும் வரவில்லை, ஐந்து மணியும் வரவில்லை. விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. பழுதான அடையாளம் ஒன்றும் இல்லை. பார்க்கிற யாரும் சத்தியம் பண்ணிச் சொல்வார்கள், மணி நாலு ஐம்பத்தொன்பது என்று.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். உள்ளே இடம் போதவில்லை என்பதையும், போதவில்லை என்று அது சொல்லியும் எங்கள் புரோகிராம் அதை மறைத்தது என்பதையும், இதில் நீளமாக எழுதிய கோமதேஷ் அண்ணன் தப்பு எதுவும் இல்லை என்பதையும், முழுத் தப்பும் எங்கள் கம்பெனியுடையது என்பதையும் சொன்னேன். ஏழு மணிக்கு அந்தப் பெயர் விலகியதும் வரி சுருங்கி, இடம் போதியதாகி, பலகை தானாக ஓடியதையும் சொன்னேன். பிரசாந்தின் ப்ளீஸ் என் பையில் இரண்டு தடவை அதிர்ந்தது. எடுக்கவில்லை. வேலை போனால் போகட்டும், செஞ்சியில் மெக்கானிக் வேலைக்கா பஞ்சம்?

ஜினப்பிரியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அக்கா, நான்தான் நேத்து கத்திட்டேன்..." என்று சுவரோரம் போனார்.

கோமதேஷ் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அக்கா, நீங்க முன்னாலயே ஒக்காருங்க. நீங்கதான் முதல்ல. அப்புறம், விரதம் முடிஞ்சு அடுத்த நாள் எப்பிடியும் க்ஷமாவணி வருது. ஊரே ஒருத்தர்கிட்ட ஒருத்தர் மன்னிப்புக் கேக்கற நாளு. அன்னிக்கு எல்லாரும் சேந்து உங்ககிட்டயும் கேட்டுக்கறோம்."

ராஜமதியம்மா எழுந்தார். புடவைத் தலைப்பை உதறி இடுப்பில் செருகிக்கொண்டார். மெதுவாகத்தான் பேசினார்.

"ஊரோட ஊரா சேத்துக் கேக்கற மன்னிப்புல என்னோடதும் ஒண்ணா, கோமதேசு? முப்பது வருஷமா இந்த ஹால்ல நான் ஒக்காந்து எழுந்திருக்கறேன். ஒரு பொய் சொல்லி நீங்க கேட்டிருக்கறீங்களா? நேத்து என் வாயால சொன்னேன், நாலு அம்பத்தொம்பதுன்னு. ஒருத்தருக்கும் காதுல ஏறல. இன்னிக்கு இந்தப் பொண்ணு வந்ததும் அந்தப் பலகையே நின்னு காட்டுச்சு, இப்ப நம்பறீங்க. நேத்தும் அதைத்தான் நம்புனீங்க, இன்னிக்கும் அதைத்தான் நம்பறீங்க. என்னை எப்பவும் நம்பல."

"அக்கா, அப்பிடி இல்ல..."

"மன்னிப்பு எங்கிட்ட இன்னாத்துக்கு? அதுகிட்டயே கேளுங்க."

பலகையைக் காட்டிய கையை இறக்கிவிட்டு, வாசலுக்குப் போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு, கூடையிலிருந்து தன் போனை எடுத்துக்கொண்டார். ஜினப்பிரியா பின்னாலேயே ஓடினார். திரும்பிப் பார்க்காமல் ராஜமதியம்மா ரோட்டுக்கு இறங்கிவிட்டார். கோமதேஷ் நின்ற இடத்திலேயே கைக்கடிகாரத்தைப் பிடித்தபடி நின்றார்.

நான் ஏணியில் ஏறி, மடிக்கணினியைச் செருகி, கட்டங்களைத் தாராளமாகக் கூட்டினேன். இனிமேல் பூஜ்யம் வந்தால் 'நேரம் தெரியவில்லை' என்று காட்டும்படி ஒரு வரி சேர்த்தேன். சரியான தேதியை வைத்தேன். சத்தியமும் திங்கட்கிழமையும் செப்டம்பரும் நேரமும் முழுசாக, ஒன்றும் அறுபடாமல் ஓடின.

"சரியாயிடுச்சுண்ணே, பாருங்க," என்றேன்.

ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லோரும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.